மூன்றாவது படி முடிவதில்லை

லினக்ஸ் கெர்னல் (இயக்க முறைமையின் மையம்) தரும் இடைமுகத்துக்குத் தனி ஆவணம் எதற்கு, ஹெடர் கோப்பில் கமெண்ட் ஒழுங்காக இருந்தால் போதாதா என்று எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் அடிக்கடி கேட்பார். டிரைவர் எழுதியே தலை நரைத்தவர். வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. அவர் வாதம் இதுதான்: கமெண்ட் கோடுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கோடு மாறினால் ரிவ்யூவில் கண்ணில் பட்டுவிடும்; தனி ஆவணமோ வேறொரு கோப்புறையில் படுத்துக் கிடக்கும், நாலைந்து வெளியீடு தாண்டினால் பொய் சொல்ல ஆரம்பிக்கும். எனக்கும் இதில் பாதி சம்மதம்தான். மீதிப் பாதி நெடுநாளாக நெருடிக்கொண்டே இருந்தது. என்ன நெருடுகிறது என்று யாராவது கேட்டிருந்தால் விளக்கத் தெரிந்திருக்காது. விடியூஸுக்கு, அதாவது ஒரு சாதனத்தைக் கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரலாகவே எழுத உதவும் லினக்ஸ் வசதிக்கு, எங்கள் குழுவுக்கான உள்குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்த பிறகுதான் அது பிடிபட்டது.

விடியூஸை ஷியே யோங்ஜி பைட்டான்ஸில் இருந்தபடி எழுதினார். 2020-இல் ஆர்எஃப்சியாக (கருத்துக் கேட்கும் வரைவாக) வந்து, 13 பதிப்பு தாண்டி, 2021 அக்டோபர் கடைசியில் வெளியான 5.15 கெர்னலில் சேர்ந்தது. அந்த 13 என்ற எண்ணைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். யூசர்ஸ்பேஸில், அதாவது கெர்னலுக்கு வெளியே, ஓடும் ஒரு சாதாரண ப்ராசஸ், கெர்னல் டிரைவருக்கு எதிரே உட்கார்ந்து "நான்தான் உன் சாதனம்" என்று சொல்லப்போகிறது என்றால், ரிவ்யூ செய்கிறவர்கள் துருவித் துருவிக் கேட்காமல் விடுவார்களா? அந்தக் கேள்விகளின் பலன் வடிவமைப்பிலேயே தெரிகிறது. கண்ட்ரோல் பாத் (சாதனத்தை அமைக்கும் வழி) கெர்னலில். டேட்டா பாத் (தரவு போகும் வழி) மட்டும் டெமனிடம், அதாவது அந்த யூசர்ஸ்பேஸ் ப்ராசஸிடம். டெமனுக்குக் கெர்னலின் நினைவகம் நேராகத் தெரியாது. நடுவில் பவுன்ஸ் பஃபர் இருக்கிறது, ஐஓ தரவு அதற்குள் நகலெடுக்கப்பட்ட பிறகுதான் டெமன் கண்ணில் படும்.

பேட்ச் (கோட் மாற்றம்) தொடரில் கடைசி, 13 பேட்சில் 13-ஆவது, ஆவணம். அதுதான் வழக்கம். கோடு எல்லாம் நிலைத்த பிறகு கடைசியாக ஆவணம் வரும். வழக்கம் என்பதால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆவணமே கெர்னல் ஆவணங்களில் நல்ல ரகம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆரம்பத்திலேயே, இப்போதைக்கு விர்ட்ஐஓ (மெய்நிகர் சாதனங்களுக்கான தரநிலை) பிளாக் சாதனம், அதாவது டிஸ்க், மட்டும்தான், மற்ற வகைகளுக்கு அந்தந்த டிரைவரின் பாதுகாப்புச் சிக்கல் தெளிவாகட்டும் என்று சொல்லிவிடுகிறது. முடியாததை முதலில் சொல்லும் ஆவணம் அபூர்வம். ஐஓ முகவரியை டெமனின் சொந்த முகவரியாக மாற்றும் ஃபங்ஷன் முழுசாக இருக்கிறது. எடுத்து அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். பாதி டெமன்களில் அந்த ஃபங்ஷன் பெயர்கூட மாறாமல் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

ஹெடர் எங்கே கை விரிக்கிறது

ஹெடர் கோப்பைத் திறந்தால் மூத்தவர் சொல்வது உண்மைதான். ஒவ்வொரு ஐயாக்டிலுக்கும் (கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் அழைப்பு) மேலே என்ன செய்கிறது என்று ஓரிரு வரி. சாதனத்தை உருவாக்குவது, விர்ட்க்யூவை (கோரிக்கைகள் போகும் வரிசை) அமைப்பது, ஐஓடிஎல்பி (முகவரி மேப்பிங் பட்டியல்) பகுதிக்கு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பின் எண்) வாங்குவது, கிக் (வேலை வந்திருக்கிறது என்ற தட்டு) வருவதற்கு ஈவென்ட்எஃப்டி கொடுப்பது, இன்டரப்ட் தட்டுவது. ஒவ்வொரு ஸ்ட்ரக்சரின் ஒவ்வொரு உறுப்புக்கும் விளக்கம். அகராதி மாதிரி பார்த்தால் முழுமை, குறையே இல்லை.

ஆனால் ஐயாக்டில் என்பது ஒரு திசையில் போவது: நான் கேட்கிறேன், கெர்னல் பதில் சொல்கிறது, அதுவரை நான் நிற்கிறேன். நமக்கெல்லாம் கை பழகிப்போன திசை அதுதான். யூசர்ஸ்பேஸில் சாதனத்தை எழுதும்போது இந்தத் திசையே திரும்பிவிடுகிறது. கெர்னல் கேட்கும், நான் பதில் சொல்ல வேண்டும், அதுவரை கெர்னல் நிற்கும். ரீட் செய்தால் ஒரு கோரிக்கை வரும். அதே கோரிக்கை எண்ணைப் போட்டு ரைட் செய்தால் பதில் போகும். செய்திகள் என்னவோ கையளவுதான்: விர்ட்க்யூவின் நிலை என்ன, ஸ்டேட்டஸ் இதாக மாறுகிறது, இந்த முகவரிப் பகுதியின் மேப்பிங் மாறிவிட்டது. இந்த மூன்றுக்கும் ஹெடரில் விளக்கம் உண்டு. அவை எப்போது வரும், வரும்போது எதிர்ப்பக்கத்தில் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பது ஒரு ஸ்ட்ரக்சருக்கு மேலே எழுதும் கமெண்டில் அடங்காது. அது எந்த ஒரு ஸ்ட்ரக்சருக்கும் சொந்தமானது இல்லை.

இதில் எனக்குப் பிடித்த எதிர்உதாரணம் யூஇன்புட் (உள்ளீட்டுச் சாதனத்தை யூசர்ஸ்பேஸிலிருந்து உருவாக்கும் வசதி) ஆவணம். விசைப்பலகையைப் போலியாக உருவாக்கி ஸ்பேஸ் விசையை ஒரு முறை அழுத்திவிடும் சின்ன நிரல் அதில் இருக்கிறது. சாதனத்தை உருவாக்கும் ஐயாக்டிலுக்கு அடுத்து ஒரு விநாடி தூக்கம் போட்டிருக்கிறார்கள். மேலே ஒரு கமெண்ட்: புதுச் சாதனத்தை யூசர்ஸ்பேஸ் கண்டுபிடித்துக் கேட்க ஆரம்பிக்க அவகாசம் தருகிறோம், இல்லையென்றால் நாம் அனுப்பப்போகும் நிகழ்வு யார் கண்ணிலும் படாது, இந்த இடைவெளி இந்த உதாரணத்துக்கு மட்டும்தான் தேவை. அந்த ஒரு கமெண்டில் இருக்கும் நேர்மை பல பக்க விளக்கங்களில் இல்லை. எழுதியவருக்கு எதிரே இன்னொருவர் இருக்கிறார், அவர் தயாராக நேரம் எடுப்பார் என்பது தெரிந்திருக்கிறது. தூக்கம் போடுவது அசிங்கமான தீர்வு என்பதும் தெரிந்திருக்கிறது. இரண்டையும் மறைக்கவில்லை. இன்னொரு உதாரணம் க்யூஸ், யூசர்ஸ்பேஸில் கேரக்டர் சாதனம் எழுதும் வசதி; 2009-இல் 2.6.31 கெர்னலில் வந்தது, அதைக் கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் லிப்ஃபியூஸோடு வரும் உதாரண நிரலைப் படித்துத்தான் கற்றுக்கொண்டார்கள். உதாரண நிரல் இருக்கும் இடத்தில் எதற்குப் பிறகு எது என்ற வரிசை தானாகவே வந்துவிடுகிறது. இல்லாத இடத்தில்தான் வம்பு.

நாலாவதை முன்னால் போட்ட கதை

என் உள்குறிப்பின் முதல் வரைவு முடிந்திருந்தது. கெர்னல் ஆவணத்தைத் தழுவி நாலு படி எழுதியிருந்தேன். ஒன்று, கண்ட்ரோல் கோப்பில் ஐயாக்டில் அடித்துச் சாதனத்தை உருவாக்கு. இரண்டு, விர்ட்க்யூக்களை அமை. மூன்று, சாதனக் கோப்பிலிருந்து செய்திகளைப் படித்துப் பதில் சொல்ல ஆரம்பி. நாலு, நெட்லிங்க் (கெர்னலோடு செய்தி பரிமாறும் சாக்கெட்) வழியாக விடிபிஏ பஸ்ஸில் (கெர்னல் டிரைவர்கள் சாதனத்தோடு ஒட்டும் இடம்) மாட்டு. இதற்கு ஐபிரூட்2 கருவித் தொகுப்பில் வரும் விடிபிஏ கமாண்டே போதும். புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் கொடுத்து, நினைவகத்தில் ஒரு சின்ன டிஸ்க் மாதிரி ஒரு டெமன் எழுதிப் பாரும்மா என்றேன்.

மத்தியானம் கூப்பிட்டாள். "அண்ணா, கொஞ்சம் வர்றீங்களா? ப்ரோக்ராம் அப்படியே நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சு விடுது, ஆனா டிஸ்க் வரல."

கோடைப் பார்த்தேன். சுத்தமாக எழுதியிருந்தாள். ஒரே த்ரெட் (ஒரே ஓட்டம்). உருவாக்குகிறது, விர்ட்க்யூ அமைக்கிறது, நெட்லிங்க் செய்தியை அனுப்புகிறது, அப்புறம் ரீட் லூப்புக்குள் போகிறது. அதாவது மூன்றும் நாலும் இடம் மாறியிருந்தன. ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

"மூணாவது ஸ்டெப் லூப்தானே அண்ணா? அது முடியவே முடியாது. முடியாத ஸ்டெப்புக்கு அப்புறம் நாலாவது எப்படி வரும்? அதான் நாலாவதை முன்னாடி போட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. எண் போட்ட பட்டியலைப் படிக்கத் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள். கெர்னல் ஆவணத்தில், முதல் செய்திகள் பஸ்ஸில் மாட்டும்போதே வரும் என்று ஒரு வாக்கியம் இருக்கத்தான் செய்கிறது, அதையும் படித்திருந்தாள். வந்தால் வரட்டும், வரிசையில் நிற்கும், மாட்டி முடித்துவிட்டுப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். அதுவும் நியாயம்தான், சாக்கெட் என்றால் அப்படித்தானே நடக்கும்? பாலை அடுப்பில் வைத்துப் பொங்காமல் பார்த்துக்கொள் என்பது சமையல் குறிப்பில் மூன்றாவது வரியாக இருந்தால், பால் பொங்கி அடங்கும்வரை யாரும் வெங்காயம் நறுக்காமல் நிற்பதில்லை. நின்றுகொண்டே இருக்கும் படி அது என்று கை அறியும். ஐயாக்டில் பட்டியலில் அந்தக் கை யாருக்கும் பிறவியிலேயே வருவதில்லை.

நடப்பது இது. நெட்லிங்க் செய்தி போனதும் கெர்னல் சாதனத்தைப் பஸ்ஸில் பதிவு செய்கிறது. பதிவின் நடுவிலேயே விர்ட்ஐஓ டிரைவர் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் முதல் வேலையாகச் சாதனத்தை ரீசெட் செய்கிறது. ரீசெட் என்றால் ஸ்டேட்டஸ் பூஜ்யம் என்று டெமனுக்கு ஒரு செய்தி, பதில் வரும்வரை காத்திருப்பு. இவ்வளவும் அந்த ஒரு நெட்லிங்க் அழைப்புக்குள்ளேயே. டெமனோ அந்த அழைப்பு திரும்பினால்தான் ரீட் செய்யப் போகும். கெர்னல் டெமனுக்காக நிற்கிறது, டெமன் கெர்னலுக்காக நிற்கிறது. 30 விநாடி ஆனதும் கெர்னல் பொறுமை இழந்து சாதனம் கெட்டுவிட்டது என்று குறித்துக்கொள்கிறது. அதன் பிறகு டெமன் லூப்புக்குள் போய் என்னதான் காது கொடுத்தாலும் பேச ஆள் இல்லை. அந்த 30 விநாடிக்குள் இன்னொரு டெர்மினலில் இருக்கிற சாதனங்களைப் பட்டியலிடச் சொல்லி விடிபிஏ கமாண்ட் அடித்தேன். அதுவும் நின்றது. மாட்டும் வேலை எடுத்து வைத்திருக்கும் அதே லாக் (மற்றவர்களைக் காக்க வைக்கும் பூட்டு) பட்டியலிடவும் வேண்டும்.

லூப்பைத் தனி த்ரெட்டுக்கு மாற்றினாள். இந்தத் தடவை செய்திகள் வரிசையாக ஓடின. ஸ்டேட்டஸ் மதிப்புகளை அச்சிட வைத்திருந்தாள்: 0, 1, 3, 11, 15. விர்ட்ஐஓ தரநிலையில் இருக்கும் தொடக்க வரிசை அப்படியே திரையில். சாதனம் தெரிந்தது 1. ஓட்டத் தெரியும், அதற்கு 2 கூட்டி 3. வசதிகள் ஒப்புதல், 8 கூட்டி 11. டிரைவர் தயார், 4 கூட்டி 15. அந்த 15 வந்த பிறகுதான் டேட்டா பாத்தையே தொடலாம். தரநிலையை எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன், அந்த ஐந்து எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதைச் சாதனத்தின் பக்கம் உட்கார்ந்து பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு வேறு. பிறகு 11-இல் என்ன நடக்கிறது என்று பார்க்க ஜிடிபி டீபக்கரில் பிரேக்பாயிண்ட் (நிரலை நிறுத்திவைக்கும் இடம்) வைத்தாள். ஆற அமர மாறிகளை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். 30 விநாடி. சாதனம் மறுபடி காலி. "பிரேக்பாயிண்ட்ல நின்னதுக்கு எல்லாமா தண்டனை?" என்றாள். டெமன் யோசிக்கிறதா, செத்துவிட்டதா, திமிர் பிடித்து நிற்கிறதா என்பதைக் கெர்னலால் பிரித்தறிய முடியாது. அதற்குத் தெரிந்தது கடிகாரம் மட்டும். அந்தக் காலவரம்பை சிஸ்எஃப்எஸ் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாக மாற்றலாம். டீபக் செய்யும்போது முதலில் அதை ஏற்றிவைத்துக்கொள் என்ற வரி இப்போது எங்கள் குறிப்பில் மேலேயே இருக்கிறது.

யார் யாருக்காக நிற்கிறார்கள்

அன்று சாயங்காலம் வரைவைக் கலைத்தேன். நாலு படியை எடுத்துவிட்டு, இடப்பக்கம் கெர்னல், வலப்பக்கம் டெமன் என்று இரண்டு கோடு போட்டேன். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதினேன்: இந்த நேரம் நிற்பது யார், எவ்வளவு நேரம், பதில் வராவிட்டால் என்ன ஆகும். ஹெடரில் இருப்பது எதையும் திரும்ப எழுதவில்லை. அதற்கு ஹெடரே இருக்கிறதே.

இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், விடியூஸில் புரியாமல் கிடந்த சில முடிவுகளும் பிடிபட ஆரம்பித்தன. முதலில் பிளாக் சாதனம் மட்டும் என்று இருந்தது, பிறகு நெட்வொர்க் சாதனத்துக்கும் கதவு திறந்தது. நெட்வொர்க் நிர்வாக அதிகாரம் உள்ள ப்ராசஸுக்கு மட்டும். அதிலும் கண்ட்ரோல் க்யூ வேண்டும் என்று கேட்டால் மறுப்பு. அது என்ன ஓரவஞ்சனை என்று தோன்றும். விர்ட்ஐஓ நெட் டிரைவர் கண்ட்ரோல் க்யூவில் ஒரு கட்டளை போட்டால், நெட்வொர்க் அமைப்புக்கெல்லாம் பொதுவான ஆர்டிஎன்எல் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே பதிலுக்காகக் காத்திருக்கும் வழக்கம் அதற்கு. எதிரே இருப்பது நிஜ வன்பொருள் என்றால் மைக்ரோ விநாடிகளில் பதில் வந்துவிடும். எதிரே இருப்பது பிரேக்பாயிண்டில் நிற்கும் ஒரு டெமன் என்றால்? அந்த இயந்திரத்தில் நெட்வொர்க் அமைப்பைத் தொடும் எல்லா வேலையும் அவன் பின்னால் வரிசையில் நிற்கும். இதைப் புரிந்துகொள்ள எந்த ஐயாக்டிலின் விளக்கமும் உதவாது. யார் யாருக்காக, எந்த லாக்கோடு நிற்கிறார்கள் என்ற படம்தான் உதவும்.

இதே ரகத்தில் இன்னொன்று: பிளாக் சாதனத்துக்கு ரைட் கேஷ் முறையை மாற்றும் வசதியை அறிவித்தால் சாதனமே உருவாகாது, தவறான மதிப்பு என்ற பிழை மட்டும் வரும். சோர்ஸில் அந்தச் சோதனைக்கு மேலே ஒரு வரி, கான்ஃபிக் பகுதி இப்போதைக்குப் படிக்க மட்டும்தான் என்று. அந்த வசதி என்றால் டிரைவர் கான்ஃபிக் பகுதியில் எழுத வேண்டும். எழுதியதை டெமனுக்குச் சொல்ல மேலே சொன்ன மூன்று செய்திகளில் எதுவும் இல்லை. சொல்ல வழியில்லாததை அனுமதிக்காமல் விட்டிருக்கிறார்கள். சரியான முடிவு. பிழை எண் மட்டும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

மூத்தவரிடம் புதுக் குறிப்பைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் படத்தையே ஹெடர் கோப்போட தலைப்புக் கமெண்ட்ல போட்டா என்ன?" என்றார். அதற்கு என்னிடம் நல்ல மறுப்பு இல்லை. யூஇன்புட் தூக்கக் கமெண்டைப் பாராட்டுகிறவன் கமெண்டை எப்படிக் குறை சொல்வது? ஆனால் 30 என்ற எண்ணைக் குறிப்பில் போடக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். அது முன்னிருப்பு மதிப்பு, வாக்குறுதி இல்லை, நாளைக்கே மாற்றலாம், உன் ஆவணம் பொய் சொல்லும் என்றார். எண் இல்லாமல் "குறிப்பிட்ட நேரம்" என்று எழுதினால் பிரேக்பாயிண்டில் நிற்கும் பிள்ளைக்கு அது எந்த உதவியும் செய்யாது என்றேன். கடைசியில் எண்ணைப் போட்டு, அது சோர்ஸில் எந்த மாறிலியிலிருந்து வருகிறது என்பதையும் பக்கத்தில் போட்டோம். இரண்டு பேருக்கும் முழுத் திருப்தி இல்லை.

குறிப்பில் இன்னும் வெறுமையாக இருப்பது டெமன் செத்தால் என்ன என்ற பகுதி. அதிலும் கெர்னல் பக்கத்துக்குப் பதில் தெரியும். ஃபைல் டிஸ்கிரிப்டர் மூடினாலும் சாதனம் அழிவதில்லை; பதில் வராத செய்திகளைக் கெர்னல் மறுபடி அனுப்பும் வரிசையில் சேர்த்துவிடுகிறது, அடுத்து வந்து கோப்பைத் திறக்கும் டெமன் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய டெமன் விர்ட்க்யூவிலிருந்து எடுத்து, முடிக்காமல் செத்துப்போன ஐஓ கோரிக்கைகள் யாருடைய பொறுப்பு? அது டெமனின் பாடு. கெமு எமுலேட்டரோடு வரும் லிப்விடியூஸ் இதற்கென்றே ஒரு பதிவுக் கோப்பு வைத்து, எது கையில் இருந்தது என்று எழுதிவைக்கிறது. எங்கள் டெமனில் அப்படி எதுவும் கிடையாது. ஆக, டெமனைக் கொன்றால் அதன்மேல் மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் எழுதிக்கொண்டிருந்த ப்ராசஸ்கள் எல்லாம் டி நிலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், கில் கமாண்டுக்கும் அசையாது. அம்புக்குறி போட்டேன், நிற்பது யார் என்று எழுதினேன். எவ்வளவு நேரம் என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அதை நாங்களே இன்னும் முடிவு செய்யவில்லை. பதிவுக் கோப்பு வைப்பதா, இல்லை டெமன் போனால் சாதனமும் போய்விட்டது என்று கைகழுவுவதா என்று மூத்தவரும் நானும் இப்போது அதில்தான் மோதிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண் இதற்கிடையில் பதிவுக் கோப்புக்கு ஒரு பேட்ச் எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பியிருக்கிறாள்.